முப்பது நொடி

கடலூர் முதுநகர் துறைமுகத்தில்
பதினேழாவது டேக் முடிந்ததும் சவரிநாதன் சொன்னார்:
"தனகோட்டி, நீ நடிக்கிற."

அதைவிடப் பெரிய கெட்ட வார்த்தை
அவரிடம் இல்லை.

தலைக்கூடையை இறக்கினான் தனகோட்டி.
உள்ளே இருந்தது அசல் சங்கரா,
விடிகாலை ஏலத்தில் எடுத்தது,
ஆயிரத்து நூறு ரூபாய், ரசீதுகூட உண்டு.
ஒவ்வொன்றாய் எடுத்து உப்பனாற்றில் எறிந்தான்.
கடைசி மீனை மட்டும்
சவரிநாதன் காலடியில் மெதுவாக வைத்தான்,
விருந்தாளிக்கு இலை போடுகிற மாதிரி.
"இதுக்குச் சொல்லிக்குடு
எப்படிச் சாகணும்னு."

போய்விட்டான்.

நான் ஒலிப்பதிவு.
இவர்களுக்கு நடுவே பூம் கம்பைத் தூக்கிப் பிடித்து
நாலு படம்,
ஒரு தோள்பட்டைத் தேய்மானம்.
வைதுகொண்டதையெல்லாம் தேதி போட்டு வைத்திருக்கிறேன்
'காற்று' என்று பெயரிட்ட ஃபோல்டரில்.
தேவனாம்பட்டினத்து மணலில் சட்டையைப் பிடித்தது.
சிப்காட் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டே கத்தியது,
அதில் இரண்டு பேருமே வாத்து.
திருப்பாதிரிப்புலியூர் லாட்ஜில் இரவு இரண்டு மணிக்கு
ஒரே பொட்டலத்துப் பரோட்டாவை ஆளுக்கொரு பக்கம் பிய்த்தபடி
"இனி உன் மூஞ்சியில முழிச்சா கேளு" என்றது.
யார் சொன்னது என்று
ஃபைலில் எழுதவில்லை.
இரண்டு பேரும் சொன்னார்கள்.

போனவன்
சட்டைக்குள் ஒட்டிய மைக்கை மறந்திருந்தான்.
ஐஸ் ஃபேக்டரிப் பின்சுவர் வரைக்கும்
என் ஹெட்போனுக்குள் நடந்தான்.
முதலில் செருப்பு.
அப்புறம் சவரிநாதனின் அம்மாவைப் பற்றி இரண்டு வாக்கியம்.
அப்புறம் ஐஸ் உடைக்கும் மிஷின்,
வெகுநேரம்.
அது நின்றதும் ஒரு மூச்சு,
யாரும் கேட்கவில்லை என்று நம்புகிறவனின் மூச்சு.
பிறகு
வசனம்.

"கதவ சாத்திடாத. வந்துடுவேன்."

கடனுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடுகிறவன்
பெண்டாட்டியிடம் சொல்ல வேண்டியது.
பதினேழு தடவையும் அதில் சோகம் இருந்தது,
வீடு முழுக்கக் கேட்கிற சோகம்.
இப்போது ஒன்றும் இல்லை.
பால் பாக்கெட் வாங்கப் போகிறவன்
வாசலில் சொல்வதுபோல் இருந்தது.
எனக்கு முழங்கை மயிர் எழுந்து நின்றது.

சவரிநாதன் ஹெட்போனைப் பிடுங்கினார்.
அம்மா மறுபடி வந்திருக்க வேண்டும்,
புருவம் ஏறி இறங்கியது.
பிறகு முகமே இல்லை அவருக்கு.
"ஓடுதா?"
"ஓடுது."
"நிறுத்திடாத."

லைட்மேன் பக்கிரிக்கு இன்னொரு கைலியைக் கட்டிவிட்டு
முதுகை மட்டும் எடுத்தார்.
படத்தில் நீங்கள் பார்த்து அழுத முதுகு பக்கிரியுடையது.

பாண்டிச்சேரி ப்ரிவ்யூவில் அந்த இடத்துக்குக் கைதட்டினார்கள்.
தனகோட்டி எழுந்து வெளியே போய்
சவரிநாதன் காரின் பக்கக் கண்ணாடியை உடைத்தான்.
"திருட்டுப் பய. என் மூச்சத் திருடிட்டான்."
கண்ணாடிக்கான பில் அடுத்த வாரம் தபாலில் போனது,
இரண்டாயிரத்து நானூறு.
பின்பக்கம் பென்சிலில்
அடுத்த படத்தின் முதல் காட்சி.
அவன் பணம் அனுப்பவில்லை.
காட்சியில் மூன்று வரியை அடித்துத் திருப்பி அனுப்பினான்.

துறைமுகத்தில் அன்று சாயங்காலம்
மைக்கைத் திருப்பிக் கொடுக்க வந்தான்.
இடம் விட்டுக் கிளம்புமுன்
எனக்கு எப்போதும் முப்பது நொடி வேண்டும்,
யாரும் அசையாத முப்பது நொடி,
அந்த இடத்தின் வெறும் சத்தம்.
பேச்சுக்கு அடியில் விரிக்க.
எல்லோரும் நின்றார்கள்.
அவர்களும், எதிரெதிரே,
நடுவில் அந்த ஒற்றைச் சங்கரா.

விசைப்படகின் கயிறு. தண்ணீர்.
தூரத்தில் ஒரு பஸ்.
இருபத்திரண்டாவது நொடியில் காகம் வந்து
மீனைத் தூக்கிக்கொண்டு போனது.
உடனே மூக்கு வழியே
அடக்க முடியாமல் ஒரு சிரிப்பு.
எவனுடையது என்று
எத்தனை ஃபில்டர் போட்டும் இன்றுவரை பிரிக்க முடியவில்லை.

"வீணாப்போச்சு. இன்னொரு தரம்" என்றேன்.

இரண்டு பேரும்
ஒரே குரலில் என்னைத் திட்டினார்கள்.